ரொக்கெற் ஏறிய மாலை

எங்கள் உப்புவெளி மீனவர் சங்கத்தின் ரேடியோ செற் என் பொறுப்பில் இருக்கிறது. ஆழ்கடலுக்குப் போன படகுகளோடு கரையிலிருந்து கதைப்பதுதான் வேலை. இந்தியாவிலிருந்து ரொக்கெற் ஏவும் நாட்களில் இன்னொரு வேலையும் சேர்ந்துவிடும். அதிலிருந்து கழன்று விழும் பாகங்கள் கடலில் எந்தப் பக்கம் விழுமோ, அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று ஒவ்வொரு படகையும் கூப்பிட்டுச் சொல்லவேண்டும்.

அன்றைக்கு ஏறவிருந்தது ஒரு தொலைத்தொடர்புச் செய்மதி. விண்வெளிக்குப் போகிறவர்கள் பூமியின் எந்தப் பக்கம் சுற்றினாலும் தரையோடு பேச்சு அறுந்துபோகாமல், நடுவில் நின்று குரலை வாங்கிக் கொடுக்குமாம். நல்ல விஷயம்தான். எனக்கோ கூடப்பிறந்த அண்ணனின் குரலே கிடைக்கவில்லை.

மற்றப் படகுகள் எல்லாம் பதில் சொல்லிவிட்டன. அண்ணனின் படகு மட்டும் மூச்சுவிடவில்லை. காரணம் எனக்குத் தெரியும். மீன் நன்றாகப் படும் இடம் கிடைத்தால் எங்கள் ஆட்கள் செற்றை நிறுத்திவிடுவார்கள். வாய் திறந்தால் இடம் தெரிந்துவிடும், மற்றவர்கள் வந்து மொய்த்துவிடுவார்கள் என்ற பயம். கடைசியாகக் கதைத்தபோது அண்ணன் போய்க்கொண்டிருந்ததும் ரொக்கெற் பாகங்கள் விழும் பக்கம்தான். எச்சரிக்கை அவர் காதில் விழவே இல்லை.

அண்ணனின் மனைவி, என் மச்சாள், பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"இன்னொருக்காக் கூப்பிடுங்கோ."

தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். மாலையில் கடற்கரையில் நின்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். எழுந்துபோய்ப் பார்த்தோம். வடக்கே வானத்தில் வெளிச்சமொன்று ஏறிக்கொண்டிருந்தது. வேறொரு நாளென்றால் நானும் கைதட்டியிருப்பேன். அன்று திரும்பி ஓடிப்போய் மறுபடியும் செற்றில் அண்ணனைக் கூப்பிட்டேன்.

மறுநாள் படகு நிறையச் சூரை மீனோடு அண்ணன் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் வந்து இறங்கினார்.

"மீன் படேக்க கதைக்க ஏலுமே? ரொக்கெற்றைப் பாத்தனாங்கள், நல்ல வடிவு," என்றார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"ஆகாயத்தில போறவையோட கதைக்கச் செய்மதி விடுறாங்கள். உங்களோட கதைக்க நாங்கள் என்னத்தை விடுறது?"

"அங்க மீன் இல்லைத்தானே. அவைக்கு ஒளிக்க ஒண்டுமில்லை," என்று சிரித்தார்.

மச்சாள் சிரிக்கவில்லை. மீனைப் பார்க்கவுமில்லை. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் முன்னால் விம்மி விம்மி அழுதார்.

அடுத்த முறை அண்ணன் கடலுக்குப் போய்ச் சில நாட்களில், நான் கூப்பிடாமலே செற் கரகரத்தது.

"எங்க எண்டு கேக்காத. இருக்கிறன். அவவிட்டச் சொல்லு."

அவ்வளவுதான், நிறுத்திவிட்டார். நான் மச்சாள் வீட்டுக்கு ஓடினேன்.