தொப்பை இல்லாத தாத்தா

பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் தெருவுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா என்றால் அது நான்தான். போட்டிக்கு ஆளே கிடையாது. மற்ற இடங்களில் ஒல்லியான ஒருவனைப் பிடித்து, வயிற்றில் துணிமூட்டையைக் கட்டி, சிவப்பு அங்கியை மாட்டி அனுப்புவார்கள். நாலு வீடு ஆடுவதற்குள் மூட்டை முதுகுப் பக்கம் போயிருக்கும். எங்கள் தெருக்காரர்களுக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. என் தொப்பை சொந்தத் தொப்பை. டிரம் சத்தம் கேட்டால் எனக்கு முன்னால் அது ஆடத் தொடங்கும்.

அதே தொப்பைக்காக வருஷம் முழுக்கப் பேச்சு வாங்கியவன் நான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கு வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே பயணம் செய்வார். தொம்மலூரில் நான் கணக்கு பார்க்கும் ஆபீஸில் லிஃப்ட் ஒரு மாதிரி முனகினால் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். ஒரு ஞானஸ்நான விருந்தில் நான் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி நாலு காலையும் விரித்து என்னோடு தரையில் படுத்துவிட்டது. அன்றிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைக் கண்டால் "நிக்கிறதுதான் எனக்கு வசதி" என்று சொல்லிவிடுவேன்.

டிசம்பரில் மட்டும் எல்லாம் தலைகீழாகும். கேரல் பாட வீடு வீடாகப் போகும்போது ஒவ்வொரு வீட்டிலும் தாத்தாவுக்கென்று கனமான நாற்காலி ஒன்றைத் தேடி எடுத்து முன்கூட்டியே போட்டு வைத்திருப்பார்கள். கோடி வீட்டில் ஓர் இரும்பு நாற்காலி உண்டு. அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதில் நான் உட்கார்ந்தால் பிள்ளைகள் மடியில் ஏற வரிசை கட்டும். அந்தச் சில நாட்களுக்காகத்தான் மீதி வருஷத்தை நான் பொறுத்துக்கொண்டேன்.

அந்த இரும்பு நாற்காலியில்தான் வினையும் வந்தது. ஒரு கிறிஸ்துமஸில் ஆடி முடித்து அதில் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. மூச்சு மேலே ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். தாத்தா சேட்டை பண்ணுகிறார் என்று எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். முகமூடிக்குள் நான் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனால் இந்தத் தெருவில் ஆடமாட்டேன், என்னைத் தூக்கிக்கொண்டுதான் போவார்கள் என்று தெரிந்துவிட்டது. தாத்தா வேஷத்தை விடக்கூடாது என்பதற்காகவே ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன். சர்க்கரை, பிரஷர், தூக்கத்தில் மூச்சு நிற்பது என்று டாக்டர் அடுக்கிய காரணங்கள் எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்தான்.

இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு வேறு வழியில் இணைத்துவிட்டார்கள். விஷயம் என் மனைவிக்கும் அவள் தம்பிக்கும் மட்டும் தெரியும். தெருவுக்குப் பித்தப்பையில் கல் என்று சொல்லி வைத்தோம். உண்மையைச் சொன்னால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? வாயைக் கட்டத் தெரியாதவன் வயிற்றை வெட்டிக்கொண்டான் என்பார்கள். நானே வேறு யாரையாவது அப்படிச் சொல்லியிருப்பேன்.

அடுத்து வந்த மாதங்களைப் பற்றி யாரும் என்னிடம் முன்கூட்டிச் சரியாகச் சொல்லவில்லை. முதலில் தண்ணீராகக் குடித்தேன். பிறகு எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கூழாக்கிக் கொடுத்தாள் மனைவி. சாம்பார் சாதமும் கீரையும் முட்டையும் ஒரே நிறத்தில் வந்தன. இருமல் மருந்தோடு வருமே குட்டி மூடி, அதுதான் என் டம்ளர். உணவு ஆலோசனை சொல்லும் பெண் கன்னடக்காரி. போனில் எதைக் கேட்டாலும் "ஸ்வல்ப ஸ்வல்ப சார்", கொஞ்சம் கொஞ்சம் என்பாள். நான் கேட்டதெல்லாம் ஸ்வல்பம்தான் அம்மா, ஒரே ஒரு மசால் தோசை என்றேன். அதற்கும் ஸ்வல்ப என்றாள்.

பிறகு கெட்டி உணவு வந்தது. அரை இட்லி தின்றால் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்த மாதிரி ஏப்பம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் ஒரு துண்டு கறியை எடுத்து மென்றுகொண்டிருப்பேன். மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவி டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், நான் இன்னும் அதே துண்டோடு இருப்பேன். எடை இறங்கியது. நடுவில் மூன்று வாரம் அசையாமல் நின்றது. அந்த மெஷினை நான் திட்டிய திட்டுக்கு ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியிருந்தது. மறுபடி இறங்கியபோது தலைமுடியும் சேர்ந்து கொட்டியது. கல்யாண மோதிரம் கழன்று ரசத்தில் விழுந்தது. மச்சானுக்கு அடுகோடி ஏரியாவில் டூவீலர் மெக்கானிக் கடை. என் பெல்ட்டில் புது ஓட்டைகளை டிரில் மெஷினால் போட்டுக் கொடுத்தான்.

"மாமா, இனிமே ஓட்டை போட்டா பெல்ட்டு ரெண்டு சுத்து வரும். புதுசு வாங்கிடுங்க" என்றான்.

தெரு வேறு கணக்குப் போட்டது. பித்தப்பைக் கல்லுக்கு இப்படியா ஒரு மனிதன் இளைப்பான்? நான் போனால் பேச்சு நின்றது. வியாதிக்குப் பெயர் சொல்லாமல் "அதுதானாம்" என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பக்கத்து வீட்டு ஆன்ட்டி எங்கள் அன்பியத்தில் ஜெபமாலை முன்னெடுப்பவர். அன்பியம் என்றால் நாலைந்து தெருக் குடும்பங்கள் சேர்ந்து வீட்டுக்கு வீடு ஜெபிக்கிற குழு. அவர் வாரம் தவறாமல் ஒரு தூக்கு ஆட்டுக்கால் சூப்போடு வந்து நிற்பார்.

"டாக்டர் என்னா சொல்றாங்க? மறைக்காத சொல்லும்மா" என்று என் மனைவியிடம் சமையலறையில் கிசுகிசுப்பார்.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி, நல்லா இருக்காரு" என்பாள் இவள்.

"பாவம், உனக்கும் சொல்லல போல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்.

நவம்பர் கடைசியில் அன்பியத் தலைவர் வீட்டுக்கு வந்தார். பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், கடனுக்கு வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு இல்லை என்று சொல்லிப் பழகியவர்.

"இந்த வருஷம் நீங்க ரெஸ்ட் எடுங்க சார். தாத்தா வேஷத்த உங்க மச்சான் பாத்துக்கட்டும். குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டும்னு தீர்மானம் பண்ணிட்டோம்" என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. எதைக் காப்பாற்ற வயிற்றை அறுத்துக்கொண்டேனோ அதுவே போய்விட்டது. அவர் போனதும் கதவை அடித்துச் சாத்தினேன். கோபம் அடங்கியதும் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். மனைவி என் மருந்து மூடியில் மோர் ஊற்றிக் கொடுத்தாள்.

மச்சான் என்னைவிட நொந்துபோய் வந்தான்.

"மாமா, என்ஜின் இறக்கச் சொல்லுங்க, இறக்குறேன். தெருவுல ஆடச் சொன்னா ஒசூர் பக்கம் ஓடிப் போயிடுவேன். ஒரே பேஜாரா இருக்கு. முகமூடி போட்டா யாருக்குத் தெரியப் போவுது? நீங்களே போங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அதற்குள் அலமாரியில் இருந்து ஒரு தலையணையை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

இப்படியாக, நான் பழைய நான் மாதிரி வேஷம் போட வேண்டியதாயிற்று. கேரல் தொடங்கிய அன்று மாலை மச்சான் வீட்டில் தலையணையைக் கட்டி, சேஃப்டி பின் குத்தி, அங்கியையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டு இறங்கினேன். தாத்தா பேசக்கூடாது, மணி மட்டும்தான் அடிக்கலாம் என்பதால் குரலும் பிரச்சினையில்லை. டிரம் அடித்தார்கள். ஆடினேன். மூச்சு வாங்கவில்லை. அடுத்த வீட்டிலும் ஆடினேன். முழங்கால் என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. தெருவின் நடுவில் சுற்றிச் சுற்றி ஆடியபோது சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தது.

பாட்டுக்குழுவில் யாரோ சொன்னது காதில் விழுந்தது: "என்ன ஆடி என்ன, பழைய தாத்தா மாதிரி வரல. அவரு ஒரு குலுக்கு குலுக்குனா போதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகமூடியைக் கழற்றி அவன் முகத்தில் அடிக்கத் தோன்றியது. மணியை மட்டும் ஓங்கி அடித்தேன்.

வீடுகளில் கொடுத்த கேக்கும், சர்க்கரைப் பாகில் புரட்டிய கல்கல்லும் நேராகப் பைக்குள் போயின. இனிப்பு என் புது வயிற்றுக்கு ஆகாது. கொஞ்சம் அதிகமானாலும் வியர்த்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, உலகம் சுற்றும். முகமூடி என்னைக் காப்பாற்றிக்கொண்டு வந்தது, பக்கத்து வீட்டு ஆன்ட்டி வரைக்கும்.

"எங்க வீட்டு ஒயினு குடிக்காம தாத்தா போகக்கூடாது" என்று தாடியைத் தூக்கி, சர்க்கரை சொட்டும் திராட்சை ஒயினை டம்ளரோடு வாயில் கவிழ்த்துவிட்டார். கூடவே ஒரு கல்கல். பேச முடியாதவன் எப்படி வேண்டாம் என்பது?

அடுத்த வீடு என் வீடு. கதவைத் திறந்த என் மனைவி எல்லோரையும் கும்பிட்டு, "அவரு உள்ள தூங்குறாரு" என்றாள், கண் இமைக்காமல். இவ்வளவு நன்றாகப் பொய் சொல்வாள் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

பாட்டு முடிந்ததும் தலைவர் ஜெபம் சொன்னார். "ஆண்டவரே, படுக்கையில் இருக்கும் இந்த வீட்டுத் தலைவரைக் கண்ணோக்கும். எங்கள் பிள்ளைகளைச் சிரிக்க வைத்த மனிதரை எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளாதேயும்" என்றார். கடன் இல்லை என்று சொல்லிப் பழகிய அந்தக் குரல் நடுவில் உடைந்தது. ஆன்ட்டி விசும்பினார். ஆட்டம் சரியில்லை என்று சொன்னவன்கூட மூக்கை உறிஞ்சினான். நான் என் சொந்த ஹாலில் தலையணையைப் பிடித்துக்கொண்டு, எனக்காக ஆமென் சொன்னேன். தொப்பைக்காகத்தான் என்னை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

"தாத்தா, உள்ள போயி அவரு கைல ஒரு மிட்டாய் குடுத்துட்டு வாங்க. இந்த வேஷத்துக்கு ஆசப்பட்ட மனுசன்" என்று ஆன்ட்டி என்னைப் படுக்கையறைக்குள் தள்ளிவிட்டார்.

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பீரோ கண்ணாடியில் கிறிஸ்துமஸ் தாத்தா ஒருவர் கையில் மிட்டாயோடு நின்றார். கொடுக்க ஆள் இல்லை. அப்போதுதான் ஒயின் வேலையைக் காட்டியது. வியர்வை கொட்டியது, நெஞ்சு டிரம்மைவிட வேகமாக அடித்தது. அங்கியோடு, பூட்ஸோடு கட்டிலில் விழுந்து போர்வையை இழுத்துக்கொண்டேன்.

வெளியே மனைவி தடுப்பது கேட்டது. ஆன்ட்டியைத் தடுக்க முடியுமா? தீர்த்தக் குப்பியோடு உள்ளே வந்தார், பின்னால் அன்பியமே வந்தது.

"அய்யோ, தாத்தா படுத்திருக்காரு. வீட்டுக்காரரு எங்க?"

இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? முகமூடியைக் கழற்றினேன்.

"எனக்கு வியாதி ஒண்ணும் இல்ல. குண்டு கொறையணும்னு வயித்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். இப்ப மயக்கம் வந்தது உங்க ஒயினால" என்றேன்.

ஆன்ட்டி தீர்த்தக் குப்பியை மூடினார்.

"நீ இளைக்கிறதுக்கா நான் மாசக்கணக்கா முட்டி போட்டு ஜெபமாலை சொன்னேன்? என் முட்டி தேஞ்சு போச்சே. ஆட்டுக்கால் சூப்பெல்லாம் யாரு குடிச்சது?"

"மச்சான்தான்" என்றேன்.

தலைவர் என் பக்கத்தில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். திட்டப் போகிறார், அங்கியைக் கழற்று என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என்னைத் தலையிலிருந்து பூட்ஸ் வரை பார்த்தார்.

"அப்ப சாகப் போறதில்ல?"

"இப்போதைக்கு இல்ல சார்."

"படபடப்பு அடங்கினதும் எழுந்திரிங்க. கோடி வீட்டுல காத்திருக்காங்க. தலையணைய மட்டும் சரியா கட்டுங்க, பாக்க சகிக்கல."

கால் மணி நேரம் படுத்திருந்து எழுந்தேன். வழியில் தலையணை மறுபடி அவிழ்ந்தால் என்ன செய்வது என்று மனைவி சேஃப்டி பின்களோடும் என் தண்ணீர் பாட்டிலோடும் கூடவே வந்தாள். ஒரு கேரலுக்கும் அவள் என்னோடு வந்ததில்லை. நான் தடுமாறுவதைப் பார்க்கப் பிடிக்காமல்தான் வீட்டிலேயே இருந்தாளாம், நடக்கும்போது சொன்னாள்.

எங்களுக்கு முன்னால் செய்தி கோடி வீட்டுக்குப் போயிருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஓரமாக நகர்த்திவிட்டு, இரண்டு பேர் அந்த இரும்பு நாற்காலியைத் தூக்கி வந்து நடுவில் வைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த உடம்புக்கு அது தேவையில்லைதான். ஆனாலும் அது தாத்தாவின் நாற்காலி. உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடந்தது.

மனைவி பக்கத்தில் நின்று தலையணையை அமுக்கிப் பார்த்தாள். பிறகு, "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.