குதித்தவனின் முதுகு

மேவிஸ் டுவையருக்குக் கல்யாணமான வருஷம், சிட்னியிலிருந்து ஊமைப்படம் எடுக்கிறவர்கள் வந்து டியூமட் ஆற்றங்கரையில் கூடாரம் அடித்தார்கள். பண்ணைக்காரர் மகளைக் கொள்ளைக்காரன் தூக்கிக்கொண்டு போவான். காதலன் குதிரையோடு பாறையிலிருந்து ஆற்றில் குதித்து அவளை மீட்பான். இதுதான் கதை. காதலனாக நடித்தவனுக்கோ குதிரையைக் கண்டாலே உதறல். முரட்டுக் குதிரைகளைப் பழக்குகிற பெர்ட்டுக்கு, அதாவது மேவிஸின் கணவனுக்கு, அந்த நடிகனின் சட்டையை மாட்டிக் குதிக்கச் சொன்னார்கள்.

பெர்ட் குதித்துக் கரையேறி, குளிரில் பல் கிட்டச் சிரித்தான்.

"மறுபடி குதிக்கணுமாம் மேவிஸ். மேகம் மறைச்சிடுச்சாம்."

"அந்த மேகத்தையே குதிக்கச் சொல்லு."

அவன் மறுபடியும் குதித்தான்.

படம் ஊருக்கு வந்தபோது அவர்கள் மகள் ஐவி பச்சைக்குழந்தை. மேவிஸால் எழுந்து நடக்க முடியவில்லை.

"நீயாவது போய்ப் பாத்துட்டு வா."

"நீ இல்லாம நான் மட்டும் என்னத்தப் பாக்க? திரும்ப வராமலா போயிடும்? மூணு பேருமா போவோம்."

அந்தக் கோடையில் காட்டுத்தீ. அணைக்கப் போன பெர்ட்டின் மேல் எரிந்துகொண்டிருந்த யூகலிப்டஸ் கிளை முறிந்து விழுந்தது. தீ அவர்கள் வீட்டையும் விடவில்லை. கல்யாணப் போட்டோவும் அதோடு போயிற்று.

மேவிஸ் ஊர் ஓட்டலில் துணி வெளுத்து மகளை வளர்த்தாள். படம் திரும்ப வரவில்லை. பேசும் படங்கள் வந்துவிட்டன. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய ஐவி, "அப்பா எப்படி இருப்பாரு?" என்று ஓயாமல் கேட்டாள். ஒருநாள் மேவிஸ் அவளைக் கூட்டிக்கொண்டு சிட்னிக்கு ரயிலேறினாள்.

படச்சுருள்கள் வைத்திருந்த கிடங்கில் பிம் என்றொரு வயதானவர் இருந்தார்.

"ஊமைப்படத்தை இப்ப யாரும்மா கேக்குறா? எல்லாத்தையும் உருக்க அனுப்பியாச்சு. அதுல வெள்ளி கிடைக்குமாம்."

"ஒண்ணுகூடவா மிஞ்சல?"

"இல்லம்மா. அதுல உனக்கு வேண்டியவங்க யாராச்சும் நடிச்சாங்களா?"

"ஆத்துல குதிச்சது என் வீட்டுக்காரர். இப்ப அவர் இல்ல."

பிம் சிறுமியைப் பார்த்தார். குரல் தணிந்தது.

"அப்படின்னா மனசத் தேத்திக்க. அவர் மூஞ்சி தெரிஞ்சிருக்காது. குதிச்சது நடிகன் இல்லன்னு தெரியக்கூடாதுல்ல? முதுகுப் பக்கமாத்தான் எடுப்பாங்க."

"முதுகு போதும்," என்றாள் மேவிஸ்.

அவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டுத் தேநீர் போடப் போனார்.

திரும்பும் ரயிலில் ஐவி கேட்டாள்: "அப்பா முதுகு எப்படிம்மா இருக்கும்?"

மேவிஸ் கண்ணை மூடிக்கொண்டு தேடிப் பார்த்தாள்.

"சட்டை நனைஞ்சு ஒட்டியிருந்துச்சு," என்றாள்.

அதற்கு மேல் எதுவும் நினைவுக்கு வரவில்லை. அம்மா அழுவதைப் பார்த்த ஐவி இன்னும் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள்.