சங்கரனுக்கும் நாராயணனுக்கும் நடுவே ஒரு கோடு

ரூபியாவிடம் துணியைக் கொடுத்தால் முதலில் வசவுதான் விழும், தையல் அப்புறம். "இத எவ தச்சா? கண்ண மூடிக்கிட்டா தச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணாடியை மாட்டுவாள். கோபித்துக்கொண்டு போனவர்கள் கிடையாது. எங்கே போவது? சங்கரன்கோவிலில் கிராஸ் ஸ்டிச்சில் விழுந்த தப்பைச் சரி செய்து தர அவள் ஒருத்திதான் இருந்தாள்.

கட்டம் கட்டமாக நெய்த துணியில், ஒரு கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி என்று நூலால் போட்டுப் படம் கொண்டுவருகிற வேலை அது. ஒரு கட்டம் தவறினால் போதும், கிளியின் மூக்கு கழுத்துக்கு இறங்கிவிடும். தப்பு நடக்கிற இடம் ஒன்று, அது கண்ணில் படுகிற இடம் வேறொன்று. அதற்குள் பத்து நாள் வேலை ஓடியிருக்கும். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கிற பெண்கள், ரிட்டயர் ஆன டீச்சர்கள், ஆன்லைனில் துணியும் நூலும் வாங்கி ஆசையாக ஆரம்பித்துப் பாதியில் முழிக்கிறவர்கள் எல்லோரும் ராயகிரியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் பஸ் ஏறி அவளிடம்தான் வந்தார்கள். ஒட்டுத்துணிப் போர்வை தைத்து மூலையோடு மூலை சேராமல் போனவர்களும் வருவார்கள்.

ரூபியா படத்தைப் பார்க்கவே மாட்டாள். துணியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்ப்பாள். நூல் எங்கே தடுமாறியது, எங்கே அவசரப்பட்டது என்று அங்கே தெரிந்துவிடும். பத்தொன்பது வருடம் முன்னால் அவள் கணவன் முகம்மது அப்சல் தம்மாமிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் ஒரு ரோஜாப்பூப் படம் இருந்தது. அதை ஏழு தடவை தப்பாகத் தைத்து ஏழு தடவை பிரித்தாள். எட்டாவது தடவை பூ வந்தது. தைக்கிறதைவிடப் பிரிக்கிறதுதான் தனக்கு வருகிறது என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இடது கண் மந்தம். வலது கண்தான் எல்லாம். அந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டுதான் ஊரார் தப்பையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வைகாசியில் ஆவுடையம்மாள் ஒரு துணியைச் சுருட்டிக்கொண்டு வந்தார். தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாகச் சங்கரநாராயணரைத் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு பாதி வெண்ணீறு பூசிய சங்கரன், மறு பாதி நீலநிற நாராயணன். மகன் ஆவணியில் குடிபோகிற புது வீட்டில் மாட்ட வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது, சங்குக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கட்டம் தவறிவிட்டது.

"ஒனக்கு இத தொடுறதுல ஒண்ணும் சங்கடம் இல்லயே ரூபியா?"

"படம் ஒங்க பாடு, கட்டம் எம் பாடு. வச்சிட்டுப் போங்கக்கா."

சங்கை அரை நாளில் சரி செய்தாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் துணியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது, நெற்றியிலிருந்து மார்பு வரை வெள்ளையும் நீலமும் சேருகிற நடுக்கோடு சாய்ந்து கிடந்தது. ரூபியாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. சாமியின் நடுவிலேயே கோணலா? மூன்று வருடம் தைத்த மனுஷிக்கு இது தெரியவில்லையா? யாரையும் கேட்கவில்லை. முகம், கழுத்து, மார்பு என்று அத்தனையையும் ஊசியால் நெம்பிப் பிரித்தாள். இரண்டு மாதம் உட்கார்ந்து, கோடு நேராகிற மாதிரி மறுபடி தைத்தாள். முடித்த அன்றைக்கு அவளுக்கே தன்மேல் ஒரு பெருமை.

வாங்கிக்கொண்டு போன ஆவுடையம்மாள் மறுநாளே திரும்பி வந்தார். வாசலில் நின்றவர் உள்ளே வரத் தயங்கினார்.

"குத்தம் சொல்லுதேன்னு நெனைக்காத. பிரேம் போடுதவன் கண்ணாடிய வச்சதும் கேட்டான், என்னம்மா சாமி நெளிஞ்சு நிக்கின்னு. நானும் அப்பந்தான் பாத்தேன்."

"நெளிஞ்சா? எங்க நெளிஞ்சிருக்கு? அவனுக்குக் கண்ணு இருக்கா?" ரூபியா துணியைப் பிடுங்கி மேசைமேல் விரித்தாள். கோடு நட்டக்குத்தலாக நின்றது. "இதுக்கு மேல நேரா யாரு தச்சிருவாக்கா?"

கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் ரிஸானா எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"உம்மா... வளைஞ்சுதான் இருக்கு."

"நீயுமா? போயி ஒன் ஸ்கேல எடுத்துட்டு வாட்டி!"

ரிஸானா தன் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, நெற்றிக்கும் மார்புக்கும் நடுவே வைத்தாள். ரூபியா குனிந்து பார்த்தாள். பிறகு எரிச்சலோடு நிமிர்ந்தாள்.

"ஏட்டி, ஸ்கேலே வளைஞ்சு கெடக்கு. இத வச்சு என்னத்த அளக்க?"

ஆவுடையம்மாள் ரிஸானாவைப் பார்த்தார். ரிஸானா ஸ்கேலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மேசையின் விளிம்போடு ஒட்டி வைத்துப் பார்த்தாள்.

"உம்மா, ஸ்கேல் நேராத்தான் இருக்கு."

ரூபியா ஸ்கேலை வாங்கிக் கண்முன்னால் பிடித்தாள். நடுவில் யாரோ கட்டைவிரலால் அமுக்கிய மாதிரி அது உள்வாங்கி நின்றது. ஜன்னல் கம்பியைப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான். வெயிலில் முறுக்கிக்கொண்டது என்று நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். கையால் கம்பியைத் தடவினாள். கை மேலிருந்து கீழே நேராக இறங்கி வந்தது. தைப்பொங்கல் சமயத்தில் டைல்ஸ் ஒட்ட வந்தவனைக் கோணலாக ஒட்டிவிட்டான் என்று தெருவே கேட்கத் திட்டியனுப்பியது நினைவுக்கு வந்தது. குனிந்து தரையையும் தடவினாள். தரையும் நேர்தான்.

"யா அல்லாஹ்..." என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கே திருநெல்வேலிக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண்ணில் சொட்டு மருந்து விடுவதற்கு முன்னால் டாக்டரம்மா ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார். அட்டை முழுக்கக் கட்டம். பத்தொன்பது வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே மாதிரிக் கட்டம்தான், நடுவில் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி.

"புள்ளிய மட்டும் பாருங்கம்மா. சுத்தியுள்ள கோடெல்லாம் நேரா தெரியுதா?"

ரூபியா உற்றுப் பார்த்தாள். புள்ளியைச் சுற்றிக் கட்டமெல்லாம் கசங்கிக் கிடந்தன.

சுகர்தான் என்றார் டாக்டரம்மா. விழித்திரையின் நடுவே நீர் கோத்து வீங்கியிருக்கிறது, அதனால் நேரான கோடு வளைந்து தெரிகிறது, மாதம் ஒரு ஊசி கண்ணில் போட வேண்டும், இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், கோடு பழையபடி முழுக்க நேராகுமா என்று இப்போது சொல்ல முடியாது. சுகர் மாத்திரையைப் போட்டால் போட்டது, மறந்தால் மறந்தது என்று ரூபியா வருடக்கணக்காக இருந்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் ரிஸானா அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ரூபியாவுக்குக் கண்ணைப் பற்றிய பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வேறொன்று. சரியாக இருந்ததைப் பிரித்துவிட்டேனே! அந்த அம்மாளின் மூன்று வருடம் நேராகத்தான் இருந்தது. கோணல் தன் கண்ணில் இருந்தது. அந்தக் கோணலைக் கட்டம் கட்டமாக எண்ணித் துணியில் இறக்கி வைத்திருக்கிறாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதானா?

இன்னொன்று உறைத்தபோது அவளுக்கு வியர்த்துவிட்டது. கம்பி வளைந்ததுதான் நாலு மாதம். அதற்கும் முன்னால், டைல்ஸ்காரனைத் திட்டிய தையிலேயே ஆரம்பித்திருக்குமோ? தை மாதத்திலிருந்து இதுவரை பதினோரு பேருடைய துணியைத் தொட்டிருக்கிறாள்.

மறுநாள் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டாள். நாலாவது போன் கடையநல்லூர் ஹெலன் டீச்சருக்கு. தேவாலயப் படம் ஒன்றைச் சரி செய்து வாங்கிப் போனவர்.

"டீச்சர், அந்தக் கோபுரம் எப்படி இருக்கு? நேரா இருக்கா?"

"மாட்டுன அன்னைக்கே சாஞ்சாப்புலதான் தெரிஞ்சுது ரூபியா. நீ பாத்த பொறவு சாஞ்சிருக்குமான்னு விட்டுட்டேன். எங்கண்ணுதான் சரியில்லன்னு போன வாரம் கண்ணாடிகூட மாத்துனேன்."

ரூபியா போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். தன்னை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தன் பேச்சை நம்பி அந்த மனுஷி கண்ணாடி மாற்றியிருக்கிறாள். எவளாவது ஒருத்தி வந்து "என்னட்டி தச்சு வச்சிருக்க" என்று சண்டை போட்டிருந்தால் தையிலேயே தெரிந்திருக்கும், கண்ணும் இவ்வளவு கெட்டிருக்காது. சண்டை போடுகிற தைரியத்தை யாருக்கு மிச்சம் வைத்தாள்? வந்தவர்களையெல்லாம் வசவாலேயே வாயடைத்து அனுப்பினாளே!

முதல் ஊசி போட்டு ஒரு வாரம் கழித்து ஆவுடையம்மாள் வீட்டுக்குத் தானே போனாள். முறைப்படி மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டு போனவள், அவரைக் கண்டதும் அழுதுவிட்டாள்.

"ஒங்க சாமிய நாந்தான் கோணலாக்கிட்டேங்க்கா. ஆவணிக்குள்ள எப்படி..."

"சாமிய யாராலட்டி கோணலாக்க முடியும்? நூலுதான? பிரிச்சிருவோம். ஒக்காரு."

அதன்பிறகு தினமும் காலை இருவரும் ஒரே துணிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ரூபியா கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மழுங்கிய ஊசி முனையால் துணியின் ஓட்டைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். எண்ணிய இடத்தில் தான் போட்ட தையலைத் தானே பிரிப்பாள். ஆவுடையம்மாள் மறுபடி தைப்பார். ரூபியாவின் வாயிலிருந்து ஒரு வசவு வரவில்லை. அது ஆவுடையம்மாளுக்கு என்னவோ போல் இருந்தது. வேண்டுமென்றே ஒருநாள் நூலைச் சிக்கலாக்கிப் பார்த்தார். அப்போதும் ரூபியா பேசாமல் சிக்கலை எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. குடிபோவதற்கு நாலு நாள் முன்னால் கடைசிக் கட்டம் விழுந்தது. ஆவுடையம்மாள் துணியை விரித்துத் தூக்கிப் பிடித்தார்.

"பாத்துச் சொல்லு. நேரா இருக்கா?"

ரூபியா பார்த்தாள். வெள்ளையும் நீலமும் சேருகிற இடத்தில், மூக்குக்கு நேராக, கோடு இன்னும் கொஞ்சம் வளைந்துதான் தெரிந்தது. முன்பைவிடக் குறைவுதான், ஆனாலும் வளைவுதான். விரலை நெற்றியில் வைத்து மார்பு வரை இறக்கினாள். விரல் எங்கும் விலகவில்லை. கண் ஒன்று சொன்னது, கை ஒன்று சொன்னது. பத்தொன்பது வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் கிடையாது. ஒருநாளும் அவள் பதில் சொல்லத் திணறியதில்லை.

"எனக்குத் தெரியலக்கா," என்றாள். "நீங்க பாத்துச் சொல்லுங்க."