யார் மேல பிராது எழுதுறதுன்னு தெரியாம நின்னேன்

கொளஞ்சியப்பர நம்பிக் கும்புடுற உங்க எல்லார்கிட்டயும், எங்க வூட்டுல நடந்தத சொல்லணும்.

நானும் வூட்டுக்காரரும் விருத்தாசலத்துல ஒரு செராமிக் கம்பெனியில வேலை செய்யுறோம். நான் பொம்மைக்குப் பளபளப்பு வர்ற கிளேஸ் பூசுறேன், அவரு களிமண் மூட்டை தூக்குறாரு. போன ஐப்பசியில ஒரு செவ்வாக்கிழமை காலையில மூட்டைய நகத்தும்போது, அடியில கெடந்த கண்ணாடி விரியன் கணுக்கால்ல கடிச்சுடுச்சு. இங்க ஆஸ்பத்திரியில விஷமுறிவு ஊசி போட்டு, உடனே பாண்டிச்சேரிக்கு அனுப்பிட்டாங்க.

அங்க ரெண்டு நாள்ல வீக்கம் வத்துச்சு. பொழைச்சுட்டாருன்னு நெனச்சேன். ஆனா ஒன்னுக்கே வரல. கிட்னி வேலை செய்யல, டயாலிசிஸ் பண்ணணும், அதுக்கு கழுத்து நரம்புல குழாய் போடணும்னாங்க. கால்ல கடிச்சதுக்கு கழுத்துல எதுக்குக் குழாய்? நர்சம்மா ஒரு பேப்பர படிச்சு என்னென்னமோ சொன்னாங்க. ஒன்னும் காதுல ஏறல. கையெழுத்துப் போட்டேன்.

குழாய் போட்டு வெளிய கொண்டாந்தப்ப, "நீ சாப்ட்டியா செல்வி?"ன்னு கேட்டாரு. கொஞ்ச நேரத்துல மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. உதடு நீலமாயிடுச்சு. எல்லாரும் ஓடியாந்தாங்க. எக்ஸ்ரே எடுத்தாங்க.

டாக்டரம்மா சொன்னாங்க: "கழுத்துல போடும்போது ஊசி நுனி நுரையீரல்ல பட்டுருக்குதும்மா. சில பேருக்கு இப்படி ஆயிடும். காத்து கசிஞ்சு நுரையீரல அமுக்குது. நெஞ்சுல குழாய் வுட்டு அந்தக் காத்த வெளிய எடுக்கணும்."

"காத்த வெளிய எடுத்துட்டா அவரு எப்படிங்க மூச்சு வுடுவாரு?"

"இது இருக்கக் கூடாத எடத்துல இருக்குற காத்தும்மா."

பாம்பு கடிச்சது கால்ல. கெட்டது கிட்னி. இப்ப நுரையீரலு. யார கேக்குறது, யார திட்டுறது?

நெஞ்சுக் குழாய ஒரு பாட்டில் தண்ணியில வுட்டுருந்தாங்க. அதுல குமிழி வந்துகிட்டே இருந்துச்சு. மூணு நாளாச்சு, நிக்கவே இல்ல. இன்னும் ரெண்டு நாள் பாப்போம், இல்லன்னா ஆபரேஷன்தான்னாங்க.

கருவேப்பிலங்குறிச்சியில இருக்குற என் நாத்தனார் அலமேலுவுக்கு போன் பண்ணேன். மணவாளநல்லூர் கோயிலுக்குப் போயி கொளஞ்சியப்பன்கிட்ட பிராது கட்டுன்னேன். நம்ம கொறைய பேப்பர்ல எழுதி, சாமிகிட்ட புகாரா கட்டி வெக்கிறது அங்க வழக்கம். கோயில்லேர்ந்து அவ கூப்பிட்டா.

"அண்ணி, யாரு மேல பிராதுன்னு எழுத? டாக்டரு மேலயா?"

பாம்பு மேலயா? டாக்டரு மேலயா? புரியாம கையெழுத்துப் போட்ட என் மேலயா?

"யாரு மேலயும் வேணாம் அலமேலு. எங்களுக்கு ஒன்னும் புரியல, அவரால மூச்சு வுட முடியல, நீயே வந்து பாருப்பான்னு எழுது."

அழுதுகிட்டே எழுதிக் கட்டுனா.

மறுநாள் காலையில பாட்டில பாத்தேன். குமிழி இல்ல. மூச்சுதான் நின்னுடுச்சுன்னு நெனச்சு கத்திட்டேன். தூங்கிகிட்டு இருந்த மனுசன் பதறி முழிச்சாரு. டாக்டரம்மா வந்து பாத்துட்டு என் தோள்ல கை வெச்சாங்க.

"நின்னது நல்லதும்மா. ஓட்டை அடைஞ்சுடுச்சு."

அப்புறமா எக்ஸ்ரேயிலயும் நுரையீரல் விரிஞ்சுடுச்சுன்னாங்க. டயாலிசிஸ் மட்டும் தொடர்ந்து நடந்துச்சு. மூணாவது வாரம் ஒன்னுக்கு வந்துச்சு. அந்த ஒன்னுக்கு பாட்டில கையில வெச்சுகிட்டு நான் அழுததப் பாத்து வார்டே சிரிச்சுது. கார்த்திகையில வூடு வந்து சேந்தோம். இப்ப அவரு வேலைக்குப் போறாரு, மூட்டை மட்டும் தூக்குறதில்ல.

ரெண்டு பேருமா கோயிலுக்குப் போயி, கொறை தீந்துடுச்சுன்னு பிராத வாபஸ் வாங்குனோம். காப்பாத்துனது டாக்டரம்மா கையா, அப்பன் கையான்னு கேட்டா எனக்குப் பிரிச்சு சொல்லத் தெரியாது. டாக்டரம்மா கைக்குள்ள அப்பன் கை இருந்துச்சுன்னுதான் நம்புறேன். முன்னல்லாம் கிருத்திகைக்கு மட்டும் கும்புடுவேன். இப்ப தினமும் ரெண்டு நிமிஷம் அப்பன்கிட்ட பேசாம வேலைக்குக் கெளம்புறதில்ல. டாக்டருகிட்டயும் புரியுற வரைக்கும் கேள்வி கேக்குறேன்.

கஷ்டத்துல இருக்குறவங்க யாராச்சும் இதக் கேட்டீங்கன்னா, சரியா வேண்டிக்கத் தெரியலயேன்னு தயங்காதீங்க. புரியலன்னா புரியலன்னே அவருகிட்ட சொல்லுங்க. அவருக்குப் புரியும்.