மாடிப்படிக்கு அடியில் இருந்த வால்வு

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அழகான பெயர்தான். ஆனால் அந்தத் தெருவில் அதைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வாஷர் என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். எந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகினாலும், தோள்பையை இறக்குவதற்கு முன்பே "வாஷர் போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். இருபத்தெட்டு வருடமாக இதே தீர்ப்பு. பத்துக்கு ஏழு தடவை அது சரியாகவும் இருந்துவிட்டதால், மற்ற மூன்றை யாரும் கிளறவில்லை.

பிளம்பர் வேலையில் புலி. பைப் ரெஞ்சைப் பிடித்தால் துருவேறிய யூனியன் இணைப்புகூட அவர் பேச்சைக் கேட்கும். ஆனால் என்ன செய்கிறார் என்று யாருக்கும் சொல்லமாட்டார். வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தால் முதுகைக் காட்டி மறைத்துக்கொள்வார். காசு ஆசை என்று நினைத்துவிட வேண்டாம், அதில் அவர் நேர்மையானவர். "நீங்க வந்தாத்தான் ஆகும்" என்று நாலு பேர் சொல்வதில் மனுஷனுக்கு அப்படி ஒரு கிறக்கம். தான் இல்லாவிட்டால் தெருவே மிதந்துவிடும் என்று மனதார நம்பினார்.

அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டவள் முனைவீட்டுத் தையல்காரி. முன்னறையில் மெஷின் போட்டுத் தைப்பவள். அவரை அண்ணே என்பாள், அவரும் தங்கச்சி என்பார். அவர் சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்தால், அளவு எழுதும் நோட்டோடு இவளும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

"இது ஏண்ணே இப்படி வளைஞ்சிருக்கு?"

"ட்ராப்பு. அதுல கொஞ்சம் தண்ணி தேங்கி நிக்கும். சாக்கடை நாத்தம் மேல ஏறாது."

வேறு யாராவது கேட்டிருந்தால் "அது அப்படித்தான்" என்று முடித்திருப்பார். தங்கச்சி என்று கூப்பிட்ட வாய்க்கு அது வரவில்லை. எல்போ, டீ, நிப்பிள் என்று குழாய்களை இணைக்கும் துண்டுகளின் பெயர்கள் படத்தோடு நோட்டில் ஏறிக்கொண்டே போயின. ஒழுகாமல் இருக்கப் போடும் டெஃப்லான் டேப்பை மரை ஓடும் பக்கமாகச் சுற்ற வேண்டும், மாற்றிச் சுற்றினால் முறுக்கும்போது உரிந்து வந்துவிடும் என்பதுவரை எழுதிக்கொண்டாள்.

ஒரு நாள் மளிகைக்கடை வாசலில் அவரைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கூவினாள்.

"அண்ணே, நேத்து குழாய் ஒழுகிச்சு. நானே வாஷர் மாத்திட்டேன்!"

பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளைபோல முகம் பூரித்திருந்தது. கடைக்காரர் சிரித்தார். "அப்புறம் என்ன வாஷரு, இனிமே நீ வீட்ல காலை நீட்டிப் படுக்கலாம்." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். உள்ளே மட்டும் சுருக்கென்றது.

அடுத்த தடவை அவள் வீட்டுக்குப் போனபோது, மாடிப்படிக்கு அடியில், இரும்புச் சக்கரம் வைத்த வால்வைக் காட்டி, அது எதற்கு என்று அவள் கேட்டாள். அது அவள் வீட்டுக்கு வரும் மொத்தத் தண்ணீரையும் நிறுத்துகிற வால்வு. ஒரு வீட்டுக்காரருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்திருக்க வேண்டும் என்றால், அது இந்த வால்வுதான்.

"அது மாடி வீட்டு லைனு," என்றார் வாஷர். "பழைய வால்வு. தொட்டா கையோட வந்துரும், மேல் டேங்க்கு மொத்தமும் இங்கதான் கொட்டும். கையே வைக்காதே."

ஏன் அப்படிச் சொன்னார் என்று அந்த நிமிஷம் அவருக்கே புரியவில்லை. அடுத்த மாதம் போனபோது பார்த்தார், அவள் சிவப்புத் துணியில் "தொடாதே" என்று நூலால் தைத்து அந்தச் சக்கரத்தில் கட்டியிருந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டார்.

அந்த இன்னொரு நாள் வரவில்லை. ஒரு காலை பத்து மணிக்கு, குளியலறைச் சுவருக்குள் இருந்த இரும்பு நிப்பிள் அரித்துப்போய் உடைந்து, குழாய் தெறித்து விழுந்தது. அவருக்குப் போன் வந்தது. ஊரின் மறுகோடியில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. வந்தபோது வீடு முழுக்கக் கணுக்கால் தண்ணீர், தையலுக்கு வந்த துணிகள் மிதந்துகொண்டிருந்தன. அவள் வீட்டில் இல்லை. பக்கெட்டோடு ஓடியவள் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வாஷர் படிக்கு அடியில் குனிந்து சக்கரத்தைத் திருப்பினார். ஆறே சுற்று. தண்ணீர் நின்றது. மாடி வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது.

அவளுக்கு வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. பிளேட் வைத்தார்கள். கத்தரிக்கோல் பிடிக்க ஆறு மாதம் ஆகலாம், பிடிக்க முடியாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

வாஷருக்குச் சோறு இறங்கவில்லை. "உங்களுக்கு என்ன ஆச்சு, வாஷர் போச்சா?" என்று மனைவி கேலி செய்தாள். அதற்கும் சிரிக்கவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தடவை எதையாவது சாக்கு வைத்துத் தையல்காரி வீட்டுக்குப் போனார். டேங்க்கைக் கழுவினார், நன்றாக இருந்த குழாய்களைக் கழற்றி மாட்டினார். அவளோ, கூடப் பிறந்தவன்கூட இப்படி வந்து பார்க்கவில்லை என்று கண் கலங்கினாள். அதைக் கேட்டதும் அவர் இன்னொரு குழாயைக் கழற்றப் போனார்.

அவள் கணவர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். கெட்டவர் இல்லை, வாய்தான் நீளம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "நோட்டு போட்டுப் படிச்சாங்க, பெரிய இன்ஜினியரு. தண்ணியை நிறுத்தத் தெரியாம பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கா." அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்திலெல்லாம் வாஷர் குளியலறைக்குள் போய் நின்றுகொள்வார். கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

நான்காவது வாரம், ஒரு மதியம், வீட்டில் அவள் மட்டும் இருந்தாள்.

"கை வெச்சேண்ணே," என்றாள் திடீரென்று. "அன்னைக்கு அந்தச் சக்கரத்துல கை வெச்சிட்டேன். நீங்க சொன்னது ஞாபகம் வந்து எடுத்துட்டேன். அதுவும் உடைஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்? உங்க புண்ணியம்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அவரு சொல்றது சரிதாண்ணே. எனக்கு எதையும் கத்துக்குற மூளை இல்லை. வேற வழி எதுவும் தோணலையே எனக்கு."

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. ரெஞ்சைக் கீழே வைத்தார்.

"அது உங்க வீட்டு வால்வும்மா. நல்லா இருக்கிற வால்வு. அதைத் திருப்பியிருந்தா தண்ணி நின்னிருக்கும். நான் பொய் சொன்னேன்."

அவள் அவரையே பார்த்தாள்.

"எதுக்குண்ணே?"

"நீயே எல்லாத்தையும் கத்துக்கிட்டா, என்னை யாரு தேடுவாங்கன்னு..." சொல்லும்போதே எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவருக்கே உறைத்தது. "கால்ல விழச் சொன்னாலும் விழுறேன் தங்கச்சி."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "உட்காருங்க," என்றாள். "அவரு அஞ்சு மணிக்கு வருவாரு."

"நான் போயிட்டு அஞ்சு மணிக்கு..."

"உட்காருங்க."

உட்கார்ந்தார். மூன்று மணி நேரம். எப்போது வந்தாலும் கேட்காமலே வரும் டீ அன்று வரவில்லை. அவள் எதிரிலேயே இருந்தாள். இருபத்தெட்டு வருடத்தில் எத்தனை வீடுகளில் எத்தனை பேரை முதுகைக் காட்டி மறைத்தோம் என்று அவர் எண்ணிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார்.

கணவர் வந்து செருப்பைக் கழற்றினார். "அடடே வாஷரு, இன்னும் வேலை முடியலையா?"

"அவரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்," என்றாள் அவள்.

வாஷர் எழுந்து நின்று சொன்னார். அந்த வால்வு எந்த வீட்டு வால்வு, அதைத் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும், தொடாதே என்று சொன்னது யார், எதற்காகச் சொன்னார், எல்லாவற்றையும். கணவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. மனைவி பக்கம் அவர் கண் போகவே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, விடுங்க. நடந்தது நடந்துபோச்சு. இனிமே பேசி என்ன ஆகப்போகுது?"

"விட வேண்டாம்," என்றாள் அவள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "அண்ணே, இன்னொரு தடவை சொல்லுங்க. அவருக்கு நல்லாக் கேக்கிற மாதிரி."