விட்டுப்போன அடி

எங்கள் தோட்டத்தில் யாராவது செத்துப்போனால் அதை முதலில் சொல்வது தப்பு மேளம்தான். மேல் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தப்புக்காரர்கள் இருவர் பாறை மேல் ஏறி நின்று சேதி அடி அடிப்பார்கள். அது காதில் விழுந்ததும் ரப்பர் மலையில் பால் வெட்டிக்கொண்டிருப்பவர்கள் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். துரைகூட ஏன் என்று கேட்கமாட்டார். கல்யாணத்துக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு ஓர் அடி, சாமி அழைக்க ஓர் அடி என்று தப்பில் எத்தனையோ உண்டு. ஆனால் பள்ளத்தைத் தாண்டி எங்கள் லயம்வரை தெளிவாக வந்து சேர்கிற அடி அது ஒன்றுதான். நானாகக் கற்றுக்கொண்ட முதல் அடியும் அதுதான்.

நானாக என்று எழுதும்போது இன்றைக்கும் உள்ளே கொஞ்சம் திமிர் எட்டிப்பார்க்கிறது. யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை, யாரும் என் விரலைப் பிடித்துச் சொல்லித்தரவில்லை, காதால் கேட்டதைக் கையில் கொண்டுவந்தேன் என்ற திமிர். அந்தத் திமிருக்கு நான் கொடுத்த விலையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினேழு வயது. யட்டியாந்தோட்டைக்கு மேலே இருந்த ரப்பர் தோட்டத்தில் அம்மாவும் நானும் பால் வெட்டினோம். மேல் லயத்துத் தப்புக்காரர் ஒருவரிடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன், எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று.

"பொம்பளப் புள்ள தப்பு அடிச்சா மழை பேயாது, போ புள்ள" என்று சிரித்தார்.

மழை பெய்தால் வேலை நின்றுபோகிற ரப்பர்க்காரர்களுக்கு அது சாபமா வரமா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

பால் வெட்டுகிற வேலையில் ஒரு காத்திருப்பு உண்டு. விடிந்ததும் மரங்களைக் கீறிவிட்டால், சிரட்டைகளில் பால் வடிந்து நிரம்ப இரண்டு மணி நேரமாவது ஆகும். மற்றப் பெண்கள் அந்த நேரத்தில் வெற்றிலை போட்டு ஊர்க்கதை பேசுவார்கள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு மலையின் மேல் எல்லைக்குப் போய்விடுவேன். அங்கே வாளியைக் கவிழ்த்து வைத்து, வலது கையில் ஒரு ரப்பர்க் குச்சியும் இடது கையில் ஓர் ஈர்க்கும் பிடித்து, காதில் இருந்ததை அடித்துப் பார்ப்பேன். தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் என்பார்களே, வாளி கிடைத்ததும் நானும் மேளக்காரி ஆகிவிட்டேன். அலுமினிய வாளியின் சத்தம் இலைகளைத் தாண்டிப் போகாது. யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். முனியாண்டி பூசையில் வெட்டிய ஆட்டின் தோலை யாரும் கவனிக்காமல் கிடக்க, நான் எடுத்துக்கொண்டேன். ஓட்டை விழுந்த பழைய பால் வாளி ஒன்றின் அடிப்பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, அந்த வாயில் தோலை இழுத்து, ரப்பர் பாலையே பசையாகத் தடவி ஒட்டி, மரத்தில் காய்ந்து உரிகிற ஒட்டுப்பால் நாடாவால் சுற்றிக் கட்டினேன். காய்ந்தபோது அது உண்மையான தப்பு மாதிரியே பேசியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருடம் மாசி மாதத்தில், ரப்பர் மரங்கள் வழக்கம்போல இலை முழுவதையும் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றன. நான் காய்ந்த சருகைக் குவித்துக் கொளுத்தி, தப்புக்காரர்கள் செய்வது போலத் தோலைச் சூடு காட்டி முறுக்கேற்றினேன். பிறகு எழுந்து நின்று சேதி அடியை முழு வேகத்தில் அடித்தேன். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. மலையில் ஓர் இலையும் இல்லை என்பதையும், சத்தத்தை நிறுத்த எதுவும் இல்லை என்பதையும் நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

முதலில் கீழே நாய்கள் குரைத்தன. அப்புறம் ஒரு பெண் ஓலமிட்டாள். பிறகு மலையெங்கும் ஆட்கள் இறங்கி ஓடுகிற சத்தம் கேட்டது. வாளித் தப்பைச் சருகுக்குள் புதைத்துவிட்டு நானும் ஓடினேன், ஒன்றும் தெரியாதவள் போல.

எல்லாரும் ஓடியது எங்கள் வீட்டை நோக்கித்தான். தோட்டத்தில் அப்போது சாகக் கிடந்த ஆள் என் அப்பா ஒருவர்தான். புகைக்கூடத்தில் ரப்பர் சீட்டுகளுக்கு இருபது வருடம் நெருப்புப் போட்ட மனிதர். நெஞ்சு புகையாகிப்போய், தீபாவளியிலிருந்து கட்டிலோடு கிடந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் சாய்ந்து உட்கார்ந்து இஞ்சி போட்ட பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பாதையோரக் கடை முதலாளி, சிங்களவர், சாவு வீட்டு வெள்ளைக் கொடிக்குத் துணியோடு வந்து நின்று, "கவுத மெருணே? கவுத மெருணே?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தார். யார் செத்தது என்று அவருக்குச் சொல்ல அங்கே ஆளில்லை.

மேல் லயத்துத் தப்புக்காரர்கள் சத்தியம் செய்தார்கள். "எங்க தப்பு ரெண்டும் ஆணியில தொங்குது, வந்து பாருங்க. இது மனுசன் அடிச்சது இல்ல."

அன்று மாலைக்குள் முடிவாகிவிட்டது, முனிதான் அடித்திருக்கிறது என்று. முனி சும்மா அடிக்குமா? ஓர் ஆளைக் கேட்டிருக்கிறது. யாரை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். கஞ்சி கொண்டுவந்தார்கள், அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தார்கள், போகும்போது என் தலையைத் தடவினார்கள். கங்காணி முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்தார்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? தன்னைத்தான் கேட்டிருக்கிறது என்று அந்த மனிதர் இரவும் பகலும் நினைத்துக்கொண்டு கிடப்பாரே. "அப்பா, அது நான்தான்" என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பயம் அவரை விட்டுப் போய்விடும். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வரவில்லை. அடி விழும் என்று பயம். பெற்ற தகப்பனுக்கே சாவு அடித்தவள் என்று தோட்டம் முழுக்கத் தூற்றும் என்று பயம். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளத் தள்ள, அது நேற்றே சொல்லியிருக்க வேண்டியதாகிக் கனத்துப்போனது.

முதல் நாள் மாலையே அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"யாரு புள்ள செத்தது?"

"யாரும் இல்லப்பா."

"அப்ப யாரு அடிச்சது?"

"தெரியாதுப்பா."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடது கையைத் தொங்கவிட்டு, கட்டில் சட்டத்தில் ஒரே ஒரு தடவை விரலால் மெதுவாகத் தட்டினார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில், அதே ஒற்றைத் தட்டு. அதற்கடுத்த நாளும் அப்படியே. பயத்தில் புத்தி தடுமாறி ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். பத்தாம் நாள் சொல்லியே தீருவது என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. எச்சில் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனவள், திரும்பி வந்தபோது தைரியத்தை எங்கோ விட்டுவிட்டு வந்திருந்தேன். பதினோராம் நாளும் கேட்டார், தெரியாது என்றேன். பன்னிரண்டாம் நாள் விடியும்போது அவர் இல்லை.

பாறையில் நின்று அடிக்கிற தப்புக்காரர்கள் அன்று எங்கள் வாசலில் நின்றே அடித்தார்கள். ஐந்தடி தூரத்தில் அதைக் கேட்கிற வாய்ப்பு வாழ்க்கையில் முதல்முறையாக வந்தது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். துக்கம் என்று நினைத்தார்கள். காரியம் முடிந்ததும் வாளித் தப்பைத் தோண்டி எடுத்துப் பள்ளத்தில் வீசினேன். அம்மா அதன் பிறகு என்னோடு அளவாகத்தான் பேசினாள். அதையும் துக்கம் என்றுதான் நினைத்தேன்.

அந்த அடி என்னை விடவில்லை. ரப்பர்க் காய் வெடிக்கிற காலத்தில் மலையில் தனியாக நிற்க முடியாது. எங்கே ஒரு காய் டப்பென்று வெடித்தாலும் அடுத்தது அந்த வரிசையிலேயே வெடிக்கும் என்று காத்துக்கொண்டிருப்பேன். கல்யாணமாகி வரக்காப்பொலைக்கு வந்து ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேயும் கடைக் கதவை இறக்கும் சத்தத்தில் அது இருந்தது. ஒருநாள் என் மகள் சோற்றுத் தட்டின் விளிம்பில் விரலால் தாளம் போட்டாள். என்ன ஏது என்று யோசிக்காமல் அவள் கையில் ஓங்கி அடித்துவிட்டேன். பிள்ளை அழவில்லை, என்னை விநோதமாகப் பார்த்தாள்.

அவளுக்காகத்தான் போனேன். பெண் பிள்ளைகளுக்குத் தப்புப் பழக்குகிறார்கள் என்று கோயில் மண்டபத்தில் ஆறு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்தார்கள். காலம் மாறிவிட்டது, மழையும் பெய்துகொண்டுதான் இருந்தது. சொல்லிக்கொடுக்க அட்டன் பக்கத்திலிருந்து வந்தவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். வழியில் சோதனைச் சாவடிகளில் தப்புப் பையைப் பிரித்துக் காட்டிவிட்டுத் தாமதமாக வந்து சேர்வார். சும்மா உட்கார்ந்திருந்த தாய்மார் கையிலும் ஒவ்வொரு தப்பைக் கொடுத்துவிட்டார்.

முதல் ஞாயிறு குச்சியையே தொடவிடவில்லை. வாயால் சொல்லு, கையால் தட்டு, காலால் நட என்று மூன்று மணி நேரம் போனது. எனக்கு எரிச்சலாக வந்தது, எனக்குத் தெரியாததா என்று. மூன்றாவது ஞாயிறுதான் உறைத்தது. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் அது எதற்கு, எங்கே அடிக்கலாம், எங்கே அடிக்கக் கூடாது என்பதை அவர் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். தானாகக் கற்றவளுக்கு அடி கிடைத்தது. அந்த அடியைச் சுற்றி இருந்த எதுவும் கிடைக்கவில்லை.

ஐந்தாவது ஞாயிறு சேதி அடி. கூரைக்குக் கீழே பழகக் கூடாது என்று எல்லாரையும் வெளியே கூட்டிப்போனார். என் கை தானாகப் போனது. பதினான்கு வருடம் தொடாத கை. அவர் மற்றவர்களை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, இத எங்க படிச்சீங்க?"

"கேட்டுப் படிச்சது."

"தூரத்துல இருந்தா?"

தலையாட்டினேன்.

"அதான் கடைசி அடி இல்ல. இடது கைக் குச்சியால மெதுவா ஒண்ணு விழணும். தூரத்துக்குக் கேக்காது. ஆனா அடி தெரிஞ்சவங்களுக்கு அது விழாட்டி சேதியே இல்ல. யாரும் சாகலன்னு அர்த்தம்."

தட்டிக் காட்டினார். மெல்லிய ஒற்றைத் தட்டு. அதை எங்கோ பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை.

அடுத்த கிழமை தோட்டத்துக்குப் போனேன். அம்மா அதே லயத்து வீட்டில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன்.

"அம்மா, அன்னைக்கு மலையில தப்பு அடிச்சது நான்தான்."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்பிடிம்மா?"

"ஒங்கப்பா அன்னைக்கே சொன்னாரு. நான் செருப்பு அறுந்து ஓடியாந்து அழுவுறேன், அந்த மனுசன் சிரிக்கிறாரு. 'இது நம்ம புள்ள வேல. வீட்டுலயும் அடுப்படியில சட்டியத் தட்டிக்கிட்டேதானே இருந்தா. அடி நல்லாத்தான் இருக்கு, கடைசி அடிய விட்டுட்டா. வந்து சொல்லட்டும், காட்டிக் குடுக்கிறேன்'னாரு."

அப்பா இளவயதில் காமன் கூத்தில் ஆடியவர். தப்பின் எந்த அடிக்கு எந்தக் கால் என்று உடம்பாலேயே தெரிந்தவர். அது எனக்கு நினைவு வரவே இல்லை.

"பயந்து போயிருந்தாருன்னு நெனச்சேம்மா."

"அவரா? அவரு ஒண்ணும் பயந்து சாகல."

"நீங்களாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"அவளா வந்து சொல்லணும், நீ வாயத் தொறக்கக் கூடாதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினாரு. நானும் பதினாலு வருசமா ஒன் வாயத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்." அப்போதுதான் தலையைத் தூக்கினாள். கண் கலங்கியிருக்கவில்லை. கோபமாக இருந்தாள்.

அப்பாவின் கட்டில் உள்ளே அரிசி மூட்டை ஏற்றிய நிலையில் கிடந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கை தொங்கிய இடத்தில், சட்டத்தின் மீது இடது கை விரலால் ஒரு தடவை தட்டினேன்.

அதே சத்தம்தான். பதினொரு நாளும் கேள்வியைக் கேட்டு, நான் பொய் சொன்ன பிறகும் பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் அவர் கண்ணை மூடியிருக்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் அடுப்படிக்குப் போய்விட்டேன்.