காரைக் கெடுத்தவனைக் காட்டச் சொன்னேன்

சென்ற ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, கரமனைப் பாலத்தின் நடுவில் என் கார் நின்றது. பெட்ரோலிலும் ஓடும், வீட்டில் செருகி ஏற்றிய மின்சாரத்திலும் ஓடும். இரண்டு உயிர் உள்ள வண்டி என்று பெருமை பேசுவேன். இரண்டும் ஒரே நொடியில் போயின. திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை. பின்னால் பேருந்துகளின் ஹாரன். மழை.

வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் பெட்டி எரிந்துவிட்டது என்றார்கள். மகளின் கல்லூரிக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துப் புதுப் பெட்டி போட்டேன். பன்னிரண்டே நாளில் அதுவும் செத்தது.

"வீட்டு லைன்ல ஏதாவது பிரச்னை இருக்கும் சார்" என்றார் சர்வீஸ்காரர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு அது போதும். வலியசாலையில் எங்கள் வீட்டில் சார்ஜிங் பாயிண்ட் வைத்தவன் செல்வன், விழிஞ்ஞத்து மீனவக் குடும்பத்துக்காரன். தெருவில் பாதி வீடுகளுக்கு அவன்தான் எலெக்ட்ரீஷியன். கூப்பிட்டு வாசலிலேயே நிற்கவைத்தேன்.

"சாமி, எர்த் மூணு தடவ நோக்கியாச்சு. மீட்டர் வெச்சுக் காட்டட்டா?"

"கடல்ல வலை போடற கூட்டத்துக்கு வயரைப் பத்தி என்னடா தெரியும்?"

அவன் டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு போனான். நான் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். எழுதத் தெரிந்தவன் நான், நன்றாகவே எழுதினேன். ஒரு வாரத்தில் எந்த வீடும் அவனைக் கூப்பிடவில்லை.

அதுவும் போதவில்லை. அவன்மேல் வழக்குப் போட ஆதாரம் வேண்டும் என்றார் வக்கீல். கிழக்கேகோட்டைப் பிள்ளையார் முன் நின்றேன். கெடுத்தவனைக் காட்டு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டு, ஐம்பத்தொரு தேங்காய் உடைக்கிறேன் என்றேன். கண்ணீர் விட்டுத்தான் கேட்டேன்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது.

கொச்சியிலிருந்து வந்த டெக்னீஷியன், ஒரு பெண், காரின் சார்ஜ் சாக்கெட்டைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். பின்களில் பச்சைக் களிம்பு. அதன்மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்த படலம். சுரண்டி முகர்ந்தாள்.

"சந்தனமாக்கும். இது காரோ, விக்கிரகமோ சார்?"

வெள்ளிதோறும் காருக்குப் பொட்டு வைப்பவன் நான். "வெள்ளை பெயிண்ட்ல கறை பிடிக்கறதுன்னா" என்று மனைவி சொன்ன நாளிலிருந்து, சார்ஜ் மூடியைத் திறந்து உள்ளே வைத்தேன். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம், மேலே குங்குமம். என் பக்தி சொட்டுச் சொட்டாக வழிந்து செம்பைத் தின்றிருக்கிறது. கெடுத்தவன் காட்டப்பட்டான்.

ஐம்பத்தொரு தேங்காயும் உடைத்தேன். ஒவ்வொன்றும் என் தலைபோலச் சிதறிற்று.

குழுவில் உண்மையை எழுதினேன். சிலர் சிரித்தார்கள். "போட்டும், நாங்க வேற ஆளை வெச்சுண்டாச்சே" என்றார் அடுத்த வீட்டுக்காரர். செல்வனைப் பார்க்கப் போகும் தைரியம் வர மூன்று மாதம் ஆயிற்று. துறைமுகப் பணியில் சிமெண்ட் மூட்டை சுமந்துகொண்டிருந்தான். எல்லாம் சொன்னேன். காலில் விழப் போனேன், விலகிக்கொண்டான்.

"சாமிக்குப் பிள்ளையாரு ஒம்பது நாள்ல பதில் தந்தாரு. எனக்க வீட்ல நாலு மாசமா ஜெபிக்குதாங்க."

மூட்டையைத் தூக்கிக்கொண்டான்.

காரை விற்றுவிட்டேன். யார்மேலும் ஒரு சொல் எழுதினால் இப்போது அழித்துவிட்டு மறுபடி யோசிக்கிறேன். அந்தத் தயக்கமே எனக்குக் கிடைத்த பெரிய அருள். அதற்காக நாளும் நன்றி சொல்கிறேன். அன்பர்களே, பிள்ளையார் கேட்கிறார். நம்பிக் கேளுங்கள். யாரைக் காட்டினாலும் ஏற்றுக்கொள்ளும் மனத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

தினமும் காலையில் செல்வனின் வேலைக்காக வேண்டிக்கொள்கிறேன். இதற்குப் பதில் இன்னும் வரவில்லை. உங்கள் வீட்டில் ஒரு விசிறி மாட்ட வேண்டியிருந்தாலும் அவனைக் கூப்பிடுங்கள். திறமையான வேலைக்காரன். எர்த் மூன்று தடவை பார்ப்பான்.